தடை செய்யப்படாத மொழியின் பாட்டு

க்வித்கா சிசிக் என்ற பெயரை இங்கே பலர் முதன்முதலாகக் கேட்டது 2022க்குப் பிறகுதான். உக்ரைன் போர்ச் செய்திகளோடு அந்த நாட்டுப் பாடல்களும் நம் கைபேசிகளுக்கு வந்தன. அவற்றோடு இந்தக் குரலும் வந்தது. கூடவே ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. சோவியத் ஆட்சியில் உக்ரேனிய மொழியில் பாடத் தடை இருந்ததாம். அதனால்தான் இந்தப் பெண் அமெரிக்காவில் பாடிப் பதிவு செய்தாராம்.

இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை விட்டுவிட்டால் அவர் பதிவு செய்த இசைத்தட்டு ஏன் முக்கியமானது என்பதே பிடிபடாமல் போய்விடும். அவசரமில்லாமல் பார்ப்போம்.

முதலில் ஆளைப் பற்றி. க்வித்கா 1953இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தார். க்வித்கா என்றால் உக்ரேனிய மொழியில் பூ. அப்பா வோலொதிமிர் மேற்கு உக்ரைனைச் சேர்ந்த வயலின் கலைஞர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சோவியத் படை மறுபடி நெருங்கியபோது மேற்கே புறப்பட்டுப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்த அகதி முகாம்களில் ஏறத்தாழ 2 லட்சம் உக்ரேனியர்கள் அப்படித் தங்கியிருந்தார்கள். முகாம்கள் கலைந்தபோது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிந்து போனார்கள். வீட்டில் உக்ரேனிய மொழி, சனிக்கிழமை தோறும் 'ரித்னா ஷ்கோலா' என்ற தாய்மொழிப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், கோடையில் சாரணர் முகாம் என்று பிள்ளைகளை வளர்த்தார்கள். க்வித்காவும் அப்படி வளர்ந்தவர். அப்பாவிடம் வயலின் கற்றார். பிறகு நியூயார்க்கின் மேன்ஸ் இசைக் கல்லூரியில் ஆபரா பாடுவதற்கான பயிற்சி பெற்றார். அக்கா மரியா பியானோ கலைஞர்.

ஆனால் க்வித்கா ஆபரா மேடைக்குப் போகவில்லை. ஸ்டுடியோவுக்குப் போனார். அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும் விளம்பரப் பாட்டுகளைப் பாடுவதுதான் அவர் தொழில். ஃபோர்டு கார் விளம்பரத்துக்கு அவர் பாடிய ஒற்றை வரி 2,000 கோடி முறை கேட்கப்பட்டிருக்கும் என்று 1989இல் அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. 1977இல் வந்த 'யூ லைட் அப் மை லைஃப்' படத்தில் நாயகி வாயசைக்கும் பாட்டும் இவர் குரல்தான். பின்னணிப் பாடகி என்றால் நமக்கு உடனே விளங்கும். இங்கே அவர்கள் பெயர் திரையில் வரும், ரசிகர்கள் தனியாக இருப்பார்கள். அமெரிக்காவில் அது முகம் தெரியாத வேலை. அதே பாட்டை டெபி பூன் பாடி வெளியிட்ட தட்டு பத்து வாரம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நின்றது. முதலில் பாடியவரைப் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் தம் பெயரை அவர் கேசி சிசிக் என்று வைத்துக்கொண்டிருந்தார். 1980இல் 'உக்ரைன் பாடல்கள்' ஆல்பம் வந்தபோது க்வித்கா என்ற சொந்தப் பெயரைப் போட்டார்.

அந்தக் காலத்து சோவியத் உக்ரைனில் நிலைமை என்ன? உக்ரேனிய மொழியில் பாடத் தடை இருந்ததா?

இருந்ததில்லை. 1970இல் செர்னிவ்த்சி நகர மருத்துவ மாணவர் வோலொதிமிர் இவாஸ்யுக் 'செர்வோனா ரூட்டா' என்றொரு பாட்டு எழுதி மெட்டமைத்தார். சிவப்பு அருவதா என்று பொருள். அருவதாச் செடி மஞ்சளாகத்தான் பூக்கும். அபூர்வமாக ஓர் இரவு அது சிவந்து பூத்தால் காதல் கைகூடும் என்பது கார்ப்பதிய மலைப்பக்கத்து நம்பிக்கை. பாட்டு உக்ரைன் எல்லையைத் தாண்டி சோவியத் நாடெங்கும் பரவியது. 1971இல் அந்தப் பெயரிலேயே ஒரு இசைப்படம் வந்தது. சோஃபியா ரொத்தாரு அதில் நடித்துப் பாடினார். அதே ஆண்டு மாஸ்கோ தொலைக்காட்சியின் ஆண்டுப் பாடல் விழாவிலும் அது உக்ரேனிய மொழியிலேயே ஒலித்தது. நாட்டின் ஒரே இசைத்தட்டு நிறுவனமான அரசின் 'மெலோதியா', உக்ரேனியப் பாடல்களை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது. அவை ஏற்றுமதியும் ஆயின. பாரிட்டோன் பாடகர் த்மித்ரோ ஹ்னாத்யுக்கின் தட்டுகள் அமெரிக்க உக்ரேனியர்களின் வீடுகளிலும் சுழன்றன.

உண்மையான தடை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு நூற்றாண்டு பின்னே போக வேண்டும். 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜார், ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடக் கூடாது, நாடகம் போடக் கூடாது, இசைக்குறிப்போடு பாடல் வரிகளை அச்சிடக் கூடாது என்றது அது. சோவியத் அரசு அப்படிச் செய்யவில்லை. உக்ரேனிய மொழிக்கு அகாதெமி இருந்தது, பதிப்பகங்கள் இருந்தன, நாடக அரங்குகள் இருந்தன. அரசின் மாபெரும் நாட்டுப்புறப் பாடல் குழுக்கள் வண்ண உடையோடு உலகம் சுற்றிவந்தன.

தடுக்கவில்லை, இடம் குறித்துக் கொடுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பம் பிறக்கிறது. ஒரு மொழியை வீட்டைவிட்டுத் துரத்துவது ஒரு வகை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு, உன் இடம் திண்ணை, கூடத்துக்கு வராதே என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஆணையே வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் திண்ணையில் பாட்டுக் கேட்கும்; மொழி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

எப்படி இடம் குறித்தார்கள்? பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். 1958இல் தொடங்கிய குருசேவின் கல்விச் சீர்திருத்தம், பிள்ளை எந்த மொழியில் படிப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்றது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மேல்படிப்பும் பெரிய தொழிற்சாலைகளும் ராணுவமும் கட்சியின் மேல்மட்டமும் ரஷ்ய மொழியில் இயங்கும்போது, பிள்ளையின் முன்னேற்றத்தை நினைக்கும் பெற்றோர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? நகரங்களில் உக்ரேனியப் பள்ளிகள் தேய்ந்தன. மொழி கிராமத்தோடும் பாட்டியோடும் ஒட்டிப்போனது. இதை ஆதாரங்களோடு எடுத்துக்காட்டி 1965இல் இவான் த்சியூபா ஒரு நூல் எழுதினார். 'சர்வதேசியமா, ரஷ்யமயமா?' என்பது அதன் தலைப்பு. லெனின் எழுதியதைக் கொண்டே அவர் வாதாடினார். 1972இல் உக்ரேனிய அறிவாளர்களை வரிசையாகக் கைது செய்தபோது அவரையும் பிடித்தார்கள்.

எழுத்தும் தப்பவில்லை. உக்ரேனிய நெடுங்கணக்கில் க ஒலிக்கென்று ґ என்று ஓர் எழுத்து உண்டு. ரஷ்ய நெடுங்கணக்கில் அப்படி ஓர் எழுத்து இல்லை. 1933இல் எழுத்துச் சீர்திருத்தம் என்ற பெயரில் அதை நீக்கினார்கள். 1990இல்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் மூனிக்கிலும் அகதிகள் அச்சிட்ட புத்தகங்களில் அந்த எழுத்து வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

பாட்டின் கதையும் இதுதான். மெலோதியாவில் தட்டு வர வேண்டுமானால் பாடல் வரிகளும் இசையும் கலைக்குழு ஒன்றின் ஒப்புதலைப் பெற வேண்டும். தாய், வயல், பூவேலை செய்த சட்டை, மலை, நதி, வேடிக்கைப் பாட்டு இவற்றில் சிக்கல் இல்லை. நகரத்து இளைஞன் இன்றைய இசையில் இன்றைய மனநிலையை உக்ரேனிய மொழியில் பாட வந்தால்தான் புருவம் உயரும். அகலமான கால்சட்டை, கால் தூக்கி ஆடும் ஆட்டம், சிரித்த முகம் என்று எஞ்சிய இந்த மேடைப் பண்பாட்டுக்கு உக்ரேனியர்கள் 'ஷரவார்ஷ்சினா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷரவாரி என்பது அந்தக் கால்சட்டை. கசப்போடு சொல்லும் சொல் அது. தங்கள் உடையையே அணிந்துகொண்டு தாங்களே பொம்மையாக நிற்க நேர்ந்தவர்களின் கசப்பு.

இவாஸ்யுக் முக்கியமானவராக ஆனது இதனால்தான். திண்ணையிலிருந்து எழுந்து கூடத்துக்குள் நடந்தவர் அவர். நாட்டுப்புற மெட்டை எடுத்து எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் கொடுத்தார். இளைஞர்கள் அதற்கு ஆடினார்கள். 1979 ஏப்ரலில் அவர் லிவீவ் நகரில் காணாமல் போனார். மே 18 அன்று ஊருக்கு வெளியே ப்ரியுகோவிச்சி காட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் உடல் கிடைத்தது. வயது 30. தற்கொலை என்று அரசு கோப்பை மூடியது, மக்கள் நம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் கூடிய கூட்டம் அன்றைய சோவியத் நகரம் எதிலும் அனுமதி இல்லாமல் கூடக்கூடிய கூட்டம் அல்ல. சுதந்திர உக்ரைனில் விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. அவர் தானாகத் தூக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது என்று தடயவியல் ஆய்வு சொன்னது.

அவர் போன மறு ஆண்டுதான் நியூயார்க்கில் க்வித்காவின் தட்டு வந்தது.

இனி அந்தத் தட்டைக் கேட்போம். பாடல்கள் பெரும்பாலும் பழையவை, நாட்டுப்புறப் பாடல்கள் அல்லது அந்த வழியில் வந்தவை. பட்டியலை மட்டும் பார்த்தால் மெலோதியா தட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. பாடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. உக்ரேனியக் கிராமத்துப் பெண்கள் வயல்வெளியில் பாடுவது தொண்டையைத் திறந்து, மார்பிலிருந்து எறியும் குரல். அதை அங்கே வெள்ளைக் குரல் என்பார்கள். அரசுக் குழுக்கள் அந்தக் குரலை நூறு பேரிடம் கொடுத்து மேடையை அதிர வைத்தன. இன்னொரு பக்கம் ஹ்னாத்யுக் போன்ற ஆபரா பாடகர்கள். அவர்கள் காதல் பாட்டைக் கூட அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டுமாறு நிமிர்ந்து நின்று பாடுவார்கள். அழகுதான், ஆனால் இரண்டுமே கூட்டத்தைப் பார்த்துப் பாடுகிற குரல்கள்.

க்வித்கா மைக்குக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். கேட்பவர் ஒருவர்தான், அவரும் அடுத்த நாற்காலியில் இருக்கிறார் என்பது போல. ஆபராப் பயிற்சி பெற்ற குரல் என்பதால் எவ்வளவு உயரமும் போக முடியும். ஆனால் தேவைப்படும் இடத்தில்தான் போகிறார். மற்ற நேரத்தில் மூச்சு கேட்கிறது, மெய்யெழுத்து உதட்டில் முடிவது கேட்கிறது. இது விளம்பரப் பாட்டு தந்த தேர்ச்சி. முப்பது வினாடிதான் கிடைக்கும் இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் கேட்பவர் மனத்தில் நிறுத்தப் பழகிய குரல் அது. பின்னால் ஜாக் கார்ட்னர் இசைக்கோர்ப்பு. அமெரிக்க மெல்லிசைத் தட்டுக்கு என்ன தரத்தில் உழைப்பார்களோ அதே தரத்தில், வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் பாஸ் கிட்டாரும் சேர்ந்த ஒலிப்பதிவு.

இதை நாட்டுப்புற ஆல்பம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. இது மெல்லிசை ஆல்பம். பகலில் கார் நிறுவனத்துக்கும் குளிர்பானத்துக்கும் ஆங்கிலத்தில் பாடிச் சம்பாதித்த தொழில்திறன் முழுவதையும் அந்தப் பெண் வீட்டு மொழிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி பாடிய பாட்டுக்கு அன்றைய நியூயார்க் ஸ்டுடியோவின் ஒலி பொருந்தும் என்று காட்டினார். அரசு குறித்துக் கொடுத்த இடத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது. பாட்டில் ஒரு வரி அரசியல்கூட இல்லாமலே.

வெளிநாட்டு உக்ரேனியர் மெல்லிசையில் இது முதல் முயற்சியும் இல்லை. 1960களின் நடுவிலேயே கனடாவின் வின்னிபெக் நகரில் டி-டிரிஃப்டர்ஸ்-5 என்ற இளைஞர் குழு பீட்டில்ஸ் பாடல்களை உக்ரேனிய மொழியில் பாடி ஒரு தட்டே போட்டது. சோவியத் நாட்டிலோ, 1967இல் மெலோதியா ஒரு தொகுப்பில் பீட்டில்ஸின் 'கேர்ள்' பாட்டைச் சேர்த்தபோது அதை ஆங்கில நாட்டுப்புறப் பாடல் என்று அச்சிட்டது. மாண்ட்ரியலிலும் நியூயார்க்கிலும் கல்யாண மண்டபங்களில் ஆடுவதற்கென்றே வாத்தியக் குழுக்கள் இருந்தன. கேட்ஸ்கில் மலையில் 1952இல் தொடங்கிய சோயுஜிவ்கா என்ற உக்ரேனியர் விடுதியில் கோடை முழுவதும் ஆட்டமும் பாட்டும்தான்.

வெளிநாட்டில் எல்லாம் சுதந்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அங்கே கலைக்குழு இல்லை. ஆனால் கேட்கிறவர்களின் ஏக்கம் இருந்தது. விட்டு வந்த மலையும் அம்மாவும் கோசாக் வீரனும்தான் பாட்டில் வேண்டும் என்று கேட்ட காதுகள் அவை. தட்டு விற்பதோ தேவாலய மண்டபத்திலும் உக்ரேனியக் கடைகளிலும். குவீன்ஸ் தெருவைப் பற்றி, அகதியின் மகளாக இருப்பதைப் பற்றி, க்வித்காவும் உக்ரேனிய மொழியில் பாடவில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே தெரிகிறது.

1989இல் வந்த இரண்டாவது உக்ரேனிய ஆல்பத்தின் பெயர் 'இரண்டு நிறங்கள்'. அதன் தலைப்புப் பாட்டைத் தடைக் கதைக்குள் எப்படியும் அடக்க முடியாது. எழுதியவர் த்மித்ரோ பவ்லிச்கோ, இசை ஒலெக்சாந்தர் பிலாஷ். இருவரும் சோவியத் உக்ரைனில் வாழ்ந்தவர்கள். 1960களில் அங்கேயே அரங்கேறி, ஹ்னாத்யுக் பாடிப் புகழ்பெற்ற பாட்டு அது. பவ்லிச்கோ கட்சி உறுப்பினர். அதே பவ்லிச்கோ 1940களில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, சோவியத் ஆட்சியை எதிர்த்துப் போராடிய உக்ரேனியக் கிளர்ச்சிப் படையோடு தொடர்பு என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்தவர். பாட்டு சொல்வது, புறப்பட்டுப் போகும் மகனுக்கு அம்மா சட்டையில் பின்னிக் கொடுத்த சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும். ஒன்று அன்பு, ஒன்று துயரம். கிளர்ச்சிப் படையின் கொடியும் சிவப்பு, கறுப்புதான். யார் காதில் எது விழுந்தது என்று அளந்து சொல்ல முடியாது. அம்மாவும் சட்டையும் என்பதால் பாட்டு நுழைந்துவிட்டது.

க்வித்கா பாடிப் புகழ்பெற்ற இன்னொரு பாட்டு 'கொக்குகள்'. போஹ்தான் லெப்கி கிராக்கோவ் நகரில் 1910 வாக்கில் எழுதியது. மெட்டு அவர் தம்பி லெவ் போட்டது. கடல் கடந்து பறக்கும் கொக்குகள் கரை சேராமல் போகுமோ என்ற துயரம் அதில் இருக்கிறது. வெளிநாட்டுச் சாவுவீடுகளில் பாடப்பட்ட பாட்டு. லெப்கியின் எழுத்து சோவியத் நாட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆக, ஒரே குரலில் கட்சி உறுப்பினர் எழுதியதும் விலக்கப்பட்டவர் எழுதியதும் சேர்ந்து வந்தன. அங்கே ஒரே அலமாரியில் வைக்க முடியாத இரண்டை அவர் இங்கே சேர்த்து வைத்தார். பாட்டு ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை என்பதும் இதிலிருந்து தெரியும். அகதிகள் காப்பாற்றிய மொழி என்று மட்டும் சொன்னால், உள்ளே இருந்துகொண்டு இருக்கும் இடத்தில் எழுதிய பவ்லிச்கோவுக்கும் பிலாஷுக்கும் இவாஸ்யுக்குக்கும் அநியாயம் செய்கிறோம்.

தமிழ் வாசகரான நமக்கு இதைப் பார்ப்பதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. மாஸ்கோ பதிப்பகங்கள் மலிவு விலையில் அனுப்பிய தமிழ்ப் புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான், அந்தப் புத்தகங்களின் மேல் எனக்கு இன்றும் அன்பு குறையவில்லை. நிகலாய் ஒஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' நாவலை ரஷ்ய நாவல் என்றே படித்தேன். அதன் கதை தொடங்கும் ஷெபெதிவ்கா, இளைஞர்கள் பனியில் ரயில் பாதை போடும் பொயார்கா, கீவ் நகரம் எல்லாம் உக்ரைனில் இருக்கின்றன என்பது பல வருடம் கழித்துத்தான் மனத்தில் தைத்தது. எதுவும் மறைக்கப்படவில்லை. ஊர்ப்பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் அச்சில் இருந்தன. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

க்வித்கா உக்ரைனை ஒரே முறை பார்த்தார், 1983இல், அம்மாவோடு. மேடை ஏறவில்லை, சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவராகப் போய்த் திரும்பினார். மார்பகப் புற்றுநோயால் 1998 மார்ச் 29 அன்று நியூயார்க்கில் இறந்தார். 45ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

'இரண்டு நிறங்கள்' வந்த அதே 1989இல், செப்டம்பர் மாதம், இவாஸ்யுக் படித்த செர்னிவ்த்சி நகரில் ஒரு பாடல் விழா நடந்தது. அதன் பெயர் 'செர்வோனா ரூட்டா'. ராக் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், கிட்டாரோடு தனியாகப் பாடுபவர்கள் எல்லாரும் வந்தார்கள். எந்த இசையும் பாடலாம். உக்ரேனிய மொழியில் பாட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அடுத்த மாதம் குடியரசின் நாடாளுமன்றம் உக்ரேனிய மொழியை அரசு மொழி ஆக்கியது. அதற்கடுத்த ஆண்டு நெடுங்கணக்கில் ґ மறுபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.